வீட்டுக்கு ஒரு கை

நான் கையை நீட்டியது சோற்றுக்காக. அதில் காப்பைக் கட்டிவிட்டார்கள்.

திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். ஆனி மாதக் கடைசி. காற்று புழுதியை அள்ளிப் பல்லுக்குள் போட்டுக்கொண்டிருந்த மத்தியானம். ஒரு கூரை வீட்டு வாசலில், வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தேன்.

எங்கள் மடத்துப் பிள்ளைகளுக்கு ஓடும் கிடையாது, தட்டும் கிடையாது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். விழுந்ததைத் தின்ன வேண்டும். தரையில் சிந்திவிட்டால் அன்றைக்குப் பட்டினி. அந்த வீட்டுப் பெண் கம்மஞ்சோற்றை உருட்டி என் கையில் வைத்துவிட்டு, "செத்த நில்லுங்க சாமி, துவையல் அம்மியிலயே இருக்கு, வழிச்சுட்டு வாரேன்" என்று உள்ளே போனாள்.

அவள் உள்ளே போன நேரம் பார்த்துத் தெருவில் உறுமிச் சத்தம் கேட்டது. மேளக்காரர்கள் முந்தின வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்க, வயதான பூசாரி ஒருவர் மட்டும் தடவித் தடவி முன்னால் வந்தார். இடுப்பில் மஞ்சள் துணி, கையில் மஞ்சள் கிழங்கு கட்டிய நூல்கள். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இந்த வீட்டுக் கை நீதானாப்பா?" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் எனக்கு மௌன விரதம், பொழுது சாய்கிற வரை வாய் திறக்கக் கூடாது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அவருக்கோ இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. வேப்பங்கிளை ஆடியது, என் தலையும் ஆடியது. இரண்டும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

கையை உதறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உதறினால் சோறு விழும். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

மூன்று முடிச்சுப் போட்டார். திருநீற்றை எடுத்து என் நெற்றிக்குக் குறி வைத்து மூக்கில் பூசினார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

யார் இந்தச் சாமி?

அப்போது நான் சாமி இல்லை. எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. மடத்தில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தாலும் காவி இன்னும் கொடுக்கவில்லை. பழுத்துப் போன வெள்ளை வேட்டியும் ஒரு துண்டும்தான் உடை. அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தால் பருத்தி எடுக்க வந்த ஆள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கன்னியாகுமரியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் இருக்க வேண்டும். எங்கள் குரு வடக்கேயிருந்து அன்றைக்கு அங்கே வருகிறார். அன்று கடலில் முழுகினால் காவி. தவறினால் இல்லை. அவர் வருஷத்துக்கு ஒரு முறைதான் தெற்கே வருவார், அமாவாசை மறுநாள் கிளம்பிவிடுவார். அவருக்குக் காத்திருக்கும் பழக்கம் கிடையாது.

போகிற வழிக்குச் சில கட்டளைகள். வண்டி, ரயில் ஏறக் கூடாது. இன்ன சோறு வேண்டும் என்று கேட்கக் கூடாது. ஒரே ஊரில் இரண்டாவது இரவு படுக்கக் கூடாது.

முதல் இரண்டும் பழகிவிட்டன. மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு நாள் மட்டும் தங்குகிறவனுக்கு எல்லோரும் நல்லவர்கள். கள்ளிக்குடி பக்கம் ஒரு ரயில்வே கேட்காரரின் மனைவி, என் வெடித்த குதிகாலைப் பார்த்துவிட்டு, வேப்பெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றினாள். ஊற்றும்போதே, "கால் இருக்குன்னு இப்பிடியா நடப்பாக, வீட்ல கேக்க ஆளில்லையா?" என்று திட்டினாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அங்கிருந்து கிளம்பும்போது எனக்கு எந்தப் பாரமும் இல்லை.

வழிப்போக்கனுக்குக் கிடைக்கிற அன்பு அப்படித்தான். விடிந்தால் முடிந்துவிடும். அதுதான் அதன் சௌகரியம்.

துவையலோடு வந்தவள்

அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் பேச்சி. துவையலை விரலில் வழித்துக்கொண்டு வெளியே வந்தவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ சாமி, இதென்ன" என்றாள்.

விஷயம் இதுதான். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த ஊர் அம்மனுக்குத் திருவிழா சாட்டியிருந்தார்கள். அந்த ஊர் வழக்கப்படி வீட்டுக்கு ஓர் ஆண் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். அதை 'வீட்டுக்கு ஒரு கை' என்பார்கள். கட்டியவர்கள் எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கை கொடுக்காத வீட்டுப் பெண்கள் முளைப்பாரி தூக்க முடியாது. ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

பேச்சியின் கணவன் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தான். சேதி வருவது நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. அவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, வீட்டின் இருட்டு மூலையில் முளைப்பாரி போட அவள் விதை ஊற வைத்திருந்தாள். ஆனால் கைக்கு ஆள் இல்லை. புருஷனின் அண்ணன் தவசி பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். ஆனால் அவர் கை அவர் வீட்டுக்கு. கணவன் இல்லாத வீட்டுக்குக் கூடப் பிறந்தவன் கை கொடுக்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் இருந்த அண்ணன் முத்தையாவுக்கு இரண்டு தடவை ஆள் விட்டும் பதில் இல்லை.

அவனுக்குக் கோபம். பேச்சியின் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முத்தையா மடியில்தான் குழந்தையை வைத்திருக்க வேண்டும். அவன் வண்டி மாடு வழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் போகிறது என்று இவர்கள் வேறு ஒருவன் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த் தட்டோடு வந்து இறங்கியவன் குழந்தையின் காதில் ரத்தப் பொட்டைப் பார்த்தான். தட்டை எல்லைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, இனி இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று திரும்பிப் போனவன்தான்.

இதையெல்லாம் அவள் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை. எட்டு நாளில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன்.

மந்தையில் பஞ்சாயத்து

பொழுது இறங்குவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மந்தையில் கூடினார்கள். என்னை நடுவில் நிறுத்தினார்கள். பூசாரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அவுத்து விட்டுறலாமே" என்றார் ஒருவர்.

"அவுத்தா எல்லார் காப்பையும் அவுக்கணும். நடுவுல அவுத்த காப்பு, திருவிழா நின்னு போன மாதிரி. பெறகு அடுத்த வருசந்தேன்" என்றார் பூசாரி.

தவசி துண்டை உதறித் தோளில் போட்டார். "கட்டினது கட்டினதுதேன். கண்ணு தெரிஞ்சு கட்டினாலும் தெரியாமக் கட்டினாலும் ஆத்தா கட்டினதா வச்சுக்கிருவோம்."

"எனக்குக் கண்ணு நல்லாத்தேன் தெரியுது மாப்ள" என்றார் பூசாரி, வேறு பக்கம் பார்த்து.

"சரி, அப்ப பேச்சிக்கு இவுக என்ன முறை?"

"அந்த வீட்டுக்குக் கையா நிக்கிறது கூடப் பொறந்தவன்தானே. அண்ணன்னு வச்சுக்கிருவோம்."

"அப்ப நமக்கு மச்சான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மந்தையே சிரித்தது.

உறவை எல்லாம் அறுக்கக் கிளம்பியவனை ஊர் கூடி மச்சானாக்கிவிட்டது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பேச முடியாது என்பது வேறு விஷயம்.

கோயிலில் விளக்கு ஏற்றினார்கள். என் மௌனம் முடிந்தது. அன்றைய முதல் வார்த்தையாக, "நான் போகணும்" என்றேன். அமாவாசையைச் சொன்னேன், குருவைச் சொன்னேன், நடைக் கட்டளையைச் சொன்னேன். மறுநாள் காலையில் கிளம்பினால் சரியாகப் போய்ச் சேரலாம், எட்டு நாள் கழித்துக் கிளம்பினால் முடியாது என்று சொன்னேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. மதுரையில் ரயில் ஏற்றிவிடுகிறோம் என்றார் தவசி. ரயில் ஆகாது என்றேன்.

பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து பேச்சி முன்னால் வந்தாள். "சாமி, நீங்க விடியக் கெளம்புங்க. காப்ப நானே அவுத்து விடுறேன். ஊர்ல எம்புட்டுப் பேசினாலும் நான் கேட்டுக்கிறேன். ஆத்தா குத்தம் வந்தாலும் எந்தலைக்கு வரட்டும். பசிச்சு வந்த ஆள வம்புல மாட்டி விட்டுட்டோம்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் போயிருப்பேன். அழுது காரியம் சாதிப்பவர்களைக் கண்டால் எனக்கு அன்றும் எரிச்சல், இன்றும் எரிச்சல். இவளோ நிஜமாகவே என்னைப் போகச் சொன்னாள். அவள் ஊற வைத்த விதை வீணாகும், அடுத்த வருஷம் வரை ஊரே அவளைப் பேசும். அது தெரிந்துதான் சொன்னாள்.

நான் மணிக்கட்டைப் பார்த்தேன். காவி வேண்டும் என்று நான் பட்ட ஆசை கொஞ்சநஞ்சம் இல்லை. ராமேஸ்வரத்துக் கடலைக் கனவில் பார்த்து எழுந்த நாட்கள் உண்டு. இந்த நூலை அறுத்துவிட்டுப் போய் அந்தக் கடலில் எந்த முகத்தோடு முழுகுவது?

"இருக்கேன்" என்றேன். இரண்டாவது இரவுக் கட்டளையும் உடையும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

சாமி அண்ணனானது

காப்புக் கட்டியவர்களுக்கு விரதம் உண்டு. கவுச்சி கிடையாது, பாயில் படுக்கக் கூடாது, ஒரு வேளைச் சோறு. பாவம், அவர்கள் தவித்துப் போனார்கள். எனக்கு அதெல்லாம் அன்றாடம். அதனால் மந்தையில் எனக்குத் தனி மரியாதை. நாலாம் நாள் தவசி என்னருகே படுத்துக்கொண்டு, "மச்சான், கருவாட்டு நெனப்பு வந்தா என்ன செய்வீக?" என்று ரகசியமாகக் கேட்டார். எனக்குக் கருவாட்டின் ருசி தெரியாது என்றேன். என்னை அப்படியொரு பரிதாபத்தோடு யாரும் பார்த்ததில்லை.

பேச்சி இரண்டாம் நாள் வரை என்னைச் சாமி என்றாள். மூன்றாம் நாள், "அண்ணே, காலக் கழுவிட்டு வாங்க, மொழுகுன வாசல்" என்றாள். நாலாம் நாள் என் துண்டைப் பிடுங்கித் துவைத்துப் போட்டாள். "இத ஒரு மனுசன் தோள்ல போடுவானா?" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

எனக்கு அது புதிது. விவரம் தெரிவதற்கு முன்பே பெற்றவர்களைக் காலராவில் கொடுத்துவிட்டு, சத்திரத்துச் சோற்றில் வளர்ந்தவன் நான். எனக்குச் சோறு போட்டவர்கள் உண்டு, எண்ணெய் போட்டவர்கள் உண்டு. அடுத்த நாளும் நான் அங்கே இருப்பேன் என்ற உரிமையில் ஏசியவர்கள் கிடையாது. அவள் ஏச்சைக் கேட்பதற்காகவே ஒருநாள் காலைக் கழுவாமல் ஏறினேன்.

அவள் அரைக்கிற துவையலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயில் வைத்தால் காது அடைக்கும். கம்மஞ்சோற்றையும் அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு, மரத்தடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்கிறவர்கள் பக்தியில் கண்ணீர் விடுகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இருட்டு மூலையில் முளை மேலே மேலே வந்தது. ஒவ்வொரு நாளும் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து, "வெளுப்பா, நேரா வருது அண்ணே. அவுகளுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?" என்பாள். எனக்கென்ன தெரியும்? ஒன்றும் ஆகியிருக்காது என்பேன்.

எல்லைக் கல்

ஆறாம் நாள் சாயங்காலம் ஆட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்தார். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் முத்தையா கம்போடு நிற்கிறானாம். 'எந்தங்கச்சி வீட்டுக்கு அண்ணனா நிக்கிறவன் எவன்டா' என்று கத்துகிறானாம். மடியைத்தான் ஒருவன் பிடுங்கினான் என்றால் கையை இன்னொருவன் பிடுங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டு, அவ்வளவு தூரமும் ஒரே நடையாக வந்திருக்கிறான்.

பேச்சி கிளம்பினாள். நான் அவளை நிற்கச் சொல்லிவிட்டு முன்னால் போனேன்.

நல்ல கறுப்பு, ஓங்கிய உருவம். என்னைப் பார்த்ததும் அவன் கத்தல் நின்றது. சண்டைக்குத் தோதான ஆளை எதிர்பார்த்து வந்திருப்பான் போலிருக்கிறது. அவன் கல்லுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவன் உள்ளே மிதிக்க மாட்டான், நான் வெளியே மிதிக்கக் கூடாது.

"நீயா அவ அண்ணன்?" என்றான்.

"இல்லை. உங்க இடத்துல நிக்கிறேன். ஆறு நாளாச்சு, கால் வலிக்குது" என்றேன்.

அவன் காப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒழுங்காச் சோறு போடுறாளா?"

"போடறாங்க. துவையல்தான் தாங்கலை."

"பத்து மொளகா வப்பா. எங்காத்தாவும் அப்பிடித்தேன்" என்றான். அதைச் சொன்னதும் அவன் முகம் கோணிக்கொண்டது. கம்பை ஊன்றிக் குனிந்துகொண்டான்.

எனக்குப் பின்னால் பேச்சி வந்து நின்றிருந்தாள். நிற்கச் சொன்னால் நிற்கிற பெண் இல்லை அவள். "அன்னைக்குச் செத்த நேரம் பொறுக்கச் சொல்லி நான் கத்துனேண்ணே. எம்பேச்ச யாரு கேட்டா?" என்றாள்.

"இத ஏன் அப்பயே சொல்லல?"

"நீ நின்னாத்தானே சொல்றதுக்கு."

அவன் கல்லைத் தாண்டினான். தாண்டியவன் தங்கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "சாமி, வாங்க, காப்பித் தண்ணி குடிப்போம்" என்றான், தன் வீட்டுக்கு அழைக்கிற மாதிரி.

அவன் வந்துவிட்டதால் காப்பை மாற்றிக் கட்ட முடியுமா என்று தவசி எனக்காகப் பூசாரியிடம் போய்ப் பேசிப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார். வருத்தப்பட வேண்டிய நான் வருத்தப்படவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எட்டாம் நாள் பேச்சி முளைப்பாரியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தாள். ஒரு பக்கம் முத்தையா, ஒரு பக்கம் நான். முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அங்கே கொண்டாட்டம். பேச்சியின் நாத்தனார்மார் ஆறேழு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். என் வெள்ளை வேட்டி ஒரு பக்கம் விடாமல் மஞ்சளாகிவிட்டது. காவிக்கு அது எவ்வளவோ பக்கம் என்றார் தவசி.

அன்றும் செவ்வாய்; பொழுது சாய்ந்து என் மௌனம் முடிந்த பிறகு, கண்மாய்க் கரையில் பூசாரி காப்பை அவிழ்த்தார். உடனே கிளம்பினேன். எல்லைக் கல் வரை அண்ணனும் தங்கையும் வந்தார்கள். "போயிட்டு வாரேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள். திரும்பி வருவேன் என்று எந்த வீட்டிலும் எங்கள் மடத்தார் சொல்லக் கூடாது. "போயிட்டு வாரேன்" என்றேன்.

கடல்

ராமேஸ்வரத்துக்கு அமாவாசை கழித்துப் போய்ச் சேர்ந்தேன். குரு போய்விட்டிருந்தார். அடுத்த ஆடிக்கு வரட்டும் என்று மட்டும் சொல்லிப் போயிருந்தார். யாருமில்லாத கரையில் உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்க அழுதேன்.

அடுத்த ஆடியில் தவறவில்லை. அமாவாசை விடியலில் நாங்கள் சிலர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். எங்கள் மடத்தில் காவி வாங்குகிறவன், தான் விட்டு வந்த உறவுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை முழுக வேண்டும். பெயரைத் தண்ணீரில் விட்டுவிட்டு எழ வேண்டும். பக்கத்தில் நின்றவர் அம்மா, அப்பா, அண்ணன், அத்தை என்று சொல்லிச் சொல்லி முழுகி மூச்சு வாங்கினார்.

என் முறை வந்தது. குருவுக்கு என் பிறப்பு வளர்ப்பு தெரியும். "உனக்குத்தான் யாரும் இல்லையே. சும்மா ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வா" என்றார்.

"ஒரு தங்கச்சி இருக்கிறாள்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. "பெயரைச் சொல்லி முழுகு" என்றார்.

பேச்சி என்றேன். தலை தண்ணீருக்குள் போகவில்லை. மறுபடி சொன்னேன், அப்போதும் போகவில்லை. மற்றவர்கள் கரையேறித் துணி பிழிந்துகொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் யாருக்காகவும் காத்திருக்காத என் குரு, தண்ணீரில் அப்படியே நின்றார்.

கடைசியில் முழுகிவிட்டேன். காவியும் கிடைத்தது. அந்த ஊருக்கு நான் திரும்பப் போகவில்லை. அவள் கணவன் கண்டியிலிருந்து வந்தானா என்றும் எனக்குத் தெரியாது. பெயரைக் கடலில் விட்டவன் விசாரிக்கக் கூடாது. விட்டுவிட்டேன் என்றுதான் குருவிடம் சொன்னேன், அவரும் நம்பினார். இத்தனை வருஷம் கழித்து, பேச்சி பேச்சி என்று இவ்வளவு எழுதியிருப்பதை அவர் பார்க்காமல் போனதே நல்லது.